பதினாறு நாள் தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தனலெட்சுமிக்குப் பயப்படாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. காலையில் அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாளிகளைக் கவிழ்க்கும் சத்தம் கேட்கும். "கொசுக்காரி வர்றா" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டாள். திட்டிக்கொண்டே கவிழ்த்தாலும் புழு சாகத்தானே செய்யும் என்பாள்.

டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவள். லோரி ஓட்டும் அய்யாவுவைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். முதலில் சாலையோரம் புல் வெட்டும் வேலைதான் கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் கொசுவை ஒழிக்கச் சட்டம் வந்தது. வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் போடலாம் என்றார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்கச் சுகாதாரப் பிரிவுக்கு ஆட்களை எடுத்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள்.

முன்பின் தெரியாத ஆம்பிளையை, அதுவும் பூட்ஸ் காலோடு, அடுக்களைக்குள்ளும் சாமி அறைக்குள்ளும் எந்தத் தமிழ் வீட்டில் விடுவார்கள்? அவர்கள் வாசலோடு நின்று, சாக்கடையைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். டெங்கிக் கொசுவோ சாக்கடையைத் திரும்பியும் பார்க்காத ஜாதி. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். சாப்பாட்டு அலமாரியில் எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களுக்கும் வைத்திருக்கும் கிண்ணத் தண்ணீரிலும், முருகன் படத்துக்கு முன்னாலிருந்த சொம்பிலும் அது சுகமாகக் குடித்தனம் நடத்தியது. ஒரு வருஷம் இப்படிப் போன பிறகுதான் மேலிடத்துக்குப் புத்தி வந்து, ஒரு பெண்ணைத் தேடினார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்த தனலெட்சுமியின் கையில் டோர்ச் லைட்டைக் கொடுத்தார்கள்.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போவாள். கும்பிட வேண்டிய இடத்தில் கும்பிடுவாள், குனிய வேண்டிய இடத்தில் குனிவாள். எறும்புக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் விடாதே, ஒரு பிடி உப்பைப் போடு என்பாள். குளிக்கும் தொட்டியில் புழுவைக் கொல்லும் மணல் மருந்தைத் தானே தூவுவாள். புழு நெளிந்தால் அதை வெள்ளைத் தட்டில் ஊற்றி வீட்டுக்காரியின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை சுகாதார இன்ஸ்பெக்டர். அவளுடைய சொந்த நாத்தனார் வீட்டுக்கே அபராதம் வந்தது. அந்த நாத்தனார் இரண்டு தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பவில்லை.

ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஓர் அட்டை தொங்கும். பார்த்த தேதியை எழுதி அவள் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்பெக்டர் சிவகுருநாதன் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்தவர், கணக்கு வாத்தியார் போலக் கறாரான மனிதர். அவரே அவளுடைய கையெழுத்து இருந்தால் அந்த வீட்டை மறுபடி பார்க்கமாட்டார். ஆறு வருஷத்தில் அவள் சம்பாதித்த பெயர் அது.

எண்பத்திரண்டில் அந்தப் பெயருக்குச் சோதனை வந்தது. கோலாலம்பூர் முழுக்க டெங்கிக் காய்ச்சல் கொடிகட்டிப் பறந்த வருஷம். செந்தூலில் பிள்ளைகள் செத்தார்கள் என்று பேப்பரில் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் வரிசை வீடுகளில் மட்டும் ஆகஸ்ட் வரைக்கும் ஒரு காய்ச்சலும் இல்லை. தனலெட்சுமி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவந்தாள்.

அந்த ஆகஸ்டில் பதினாலாம் நம்பர் வீட்டுக் கன்னையா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கரி எஞ்சின் காலத்தில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். கரி எஞ்சின் போய் டீசல் வந்த பிறகும் அந்தத் தாகம் அவரை விட்டுப் போகவில்லை. வேலை விட்டு வந்ததும் வாசலில் நின்றபடியே ஒரு செம்பு, உள்ளே வந்து ஒரு செம்பு குடிப்பார். அவர் மனைவி இராஜம்மா தனலெட்சுமிக்குக் கூடப் பிறக்காத அக்கா. தோட்டத்திலிருந்து ஒன்றும் தெரியாமல் வந்தவளுக்கு மண்ணெண்ணெய் அடுப்புப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவள்தான்.

செத்தவர் தலைமாட்டில் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பது வழக்கம். பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் அந்த உயிர் வீட்டைச் சுற்றி வருமாம், தாகம் எடுத்தால் வந்து குடிக்குமாம். அந்த வரிசையில் அந்தத் தண்ணீரைக் கொட்டமாட்டார்கள். குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவார்கள். குறைந்திருந்தால் வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். இராஜம்மா சொம்பு வைக்கவில்லை. அவருக்குச் சொம்பெல்லாம் எந்த மூலைக்கு என்று சொல்லி, வாயகன்ற எவர்சில்வர் குடம் ஒன்றை நிறைத்து வைத்தாள். கேட்ட பெண்கள் எல்லோரும் அழுதார்கள். தனலெட்சுமியும்தான்.

ஐந்தாம் நாள் அவளுடைய சுற்று அந்த வீட்டுக்கு வந்தது. செருப்பைக் கழற்றினாள், டோர்ச் லைட்டை எடுத்தாள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இராஜம்மா விளக்குப் பக்கம் பாயில் சுருண்டு கிடந்தாள். மூலையில், சாத்திய ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சம் படாத இடத்தில் அந்தக் குடம். தனலெட்சுமி குடத்தைப் பார்த்தாள். அதில் டோர்ச் அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த அட்டையில் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். பதினாறு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாத்தனாருக்குக் காட்டாத தாட்சண்யத்தை அங்கே காட்டினாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நாம் அவளைக் கேலி செய்யலாம். ஆனால் அந்த வாசற்படியில் நாம் நின்றிருந்தால் என்ன செய்திருப்போமோ, யார் கண்டது?

பதினோராம் நாள் எட்டாம் நம்பர் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். செந்தூலில் மாமா வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள். ரத்தம் பார்த்ததில் டெங்கி என்றார்கள். ஆஸ்பத்திரியில் இடமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை சிவகுருநாதன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேசினார். பிள்ளைகள் காய்ச்சலோடு கிடக்கிற இந்த நான்கைந்து நாள்தான் ஆபத்து, இன்றைக்குப் புதிதாய்ப் பறக்கிற ஒவ்வொரு கொசுவும் அவர்களைக் கடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டுபோகும், சாயங்காலம் கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி வரும், ஆனால் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். ஏற்கெனவே ஒரு தடவை டெங்கி வந்து பிழைத்த பிள்ளைக்கு மறுபடி வந்தால் அது முதல் தடவை மாதிரி இருக்காது, உள்ளுக்குள்ளே ரத்தம் கசியும், பிழைப்பது கஷ்டம்.

தனலெட்சுமி வரிசை வீடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அந்த வரிசையில் அப்படிப்பட்ட பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இராஜம்மாவின் கடைக்குட்டி பூமணி, ஒன்பது வயது. போன வருஷம் செந்தூலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்து நாளும் இராஜம்மாவும் தனலெட்சுமியும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அந்தப் பிள்ளை அப்பாவின் விளக்குக்குப் பக்கத்தில், குடத்துக்கு எட்டும் தூரத்தில் படுத்துத் தூங்குகிறாள்.

அட்டைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, கையெழுத்து இல்லாத வீடுகளை மட்டும் பார்க்கச் சொன்னார் சிவகுருநாதன். பதினாலாம் நம்பர் அந்தப் பட்டியலில் வராது. அவள் வாயைத் திறக்காமலிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மத்தியானத்தில் நைசாகப் போய்க் குடத்தில் ஒரு பிடி மருந்தைத் தூவிவிட்டு வரலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் இறந்தவருக்கு வைத்த தண்ணீரில் யாருக்கும் தெரியாமல் மருந்து போடுவதா? அதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை நமக்கு வேண்டாம் என்று முடிவெடுத்து, மற்றவர்கள் கலைந்து போகும்வரை நின்றாள்.

"சார், பதினாலு நான் பாக்கல. பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள்.

சிவகுருநாதன் பேனாவை மூடினார். "தனலெட்சுமி, நீர் வீட்டுக்குள்ள போகவே இல்லையோ?"

"வாசல்வரைக்கும் போனேன். குடத்தையும் பாத்தேன். டோர்ச் அடிக்கல."

அவர் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இதை ரிப்போர்ட்டில் எழுதத்தான் வேண்டும் என்றார், எழுதுங்கள் சார் என்றாள். இப்போதே போய்ச் சட்டப்படி கொட்டிவிடலாம், வாரும் என்று தொப்பியை எடுத்தார். தனலெட்சுமி வழியை மறித்து நின்றாள். இன்றைக்கு நீங்கள் போய்க் கொட்டினால் ஒரு குடம் காலியாகும், நாளைக்கு இன்னொரு வீட்டில் சாவு விழுந்தால் குடத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள், பிறகு நானும் பார்க்க முடியாது நீங்களும் பார்க்க முடியாது, எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள், அந்தக் குடத்தை இராஜம்மாவே தூக்க வேண்டும் என்றாள். புல் வெட்ட வந்தவள் தன்னை எதிர்த்து இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கிடையாது என்றார்.

பதினாலாம் நம்பர் வாசலில் மூத்த மகன் வாசு நின்றான். இருபது வயது, கருமாதிக்காக மழிக்காத தாடி. வெளியே இன்ஸ்பெக்டரைக் கண்டதும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையைக் குறுக்கே வைத்துக் கதவை அடைத்தான்.

"எல்லா வீட்லயும் ஒங்க சட்டத்தக் காட்டுங்க ஆன்டி. எங்க வீட்ல வேணாம்."

"சட்டத்த வெளியில விட்டுட்டுதான்டா வந்திருக்கேன்" என்று செருப்பைக் கழற்றினாள் தனலெட்சுமி. அவன் கையைத் தாழ்த்திவிட்டு உள்ளே போனாள். அவளைத் தடுக்க அவனால் முடியவில்லை, பிறந்த நாளிலிருந்து அவனைத் தூக்கிய கை அது.

இராஜம்மா எழுந்து உட்கார்ந்தாள். நேற்று குடம் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது, அவர் வந்திருக்கிறார் என்று சொன்னாள். பன்னிரண்டு நாளில் அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு இருந்தது. வெயில் காலத்தில் திறந்த குடம் குறையாமல் என்ன செய்யும் என்று தனலெட்சுமிக்குத் தெரியும். அதைச் சொல்ல அவள் வரவில்லை.

"அக்கா, நான் ஒனக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன். அன்னிக்கு வந்தப்பவே இதப் பாத்திருக்கணும். இப்ப பாக்கறேன், நீயும் கூட வந்து பாரு" என்றாள்.

ஜன்னலைத் திறந்தாள். டோர்ச்சைக் குடத்துக்குள் அடித்தாள். மேலாகத் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தவை வெளிச்சம் பட்டதும் கும்பலாக நெளிந்து கீழே இறங்கின. சில புழுப் பருவம் தாண்டி, காற்புள்ளி வடிவத்தில் சுருண்டு மிதந்தன. இன்றோ நாளையோ அவற்றுக்கு இறக்கை முளைத்துவிடும். இராஜம்மா குடத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள்.

வாசுதான் முதலில் பேசினான். பதினாறு ஆகாமல் தொடக்கூடாது, தொட்டால் அப்பா தாகத்தோடு போய்விடுவார் என்று பாட்டிமார்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றான். சொன்ன பாட்டிமார்கள் யாரும் பூமணியின் கட்டில் பக்கம் பத்து நாள் உட்காரவில்லை என்று தனலெட்சுமிக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். இரண்டாம் தடவை வந்தால் என்ன ஆகும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதை மட்டும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மூலையில் உட்கார்ந்து ஜடையைப் பின்னிக்கொண்டிருந்த பூமணியை மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொட்டச் சொல்றியா?" என்றாள் இராஜம்மா. "அவரு வந்து குடம் இல்லாம நிப்பாரு."

"குடத்த எடுக்கச் சொல்லலக்கா. அண்ணன் இருந்தப்ப வேல விட்டு வந்தாருன்னா, பன்னெண்டு நாளைக்கு முந்திப் பிடிச்ச தண்ணியவா குடுத்த?"

இராஜம்மா குடத்தை மறுபடி எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவள் பேசியது யாரிடம் என்று தெரியவில்லை. "காலையில பிடிச்ச தண்ணிய சாயங்காலம் குடுத்தாலே மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவாரு. பச்சத் தண்ணியா இருக்கணும் அவருக்கு." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "புழுத் தண்ணியக் குடுத்திருக்கேனே தனம். என் மனுஷனுக்குப் புழுத் தண்ணியக் குடுத்திருக்கேனே."

இது தனலெட்சுமி எதிர்பார்க்காதது. அக்காவைச் சம்மதிக்க வைத்தால் போதும் என்று நினைத்து வந்தவள், அவள் நெஞ்சில் இப்படி ஒரு பாரத்தை ஏற்றிவிட்டோமே என்று கலங்கினாள். அவள் தோளைத் தொட்டு, இனிமேல் தினமும் புதுசாகக் கொடு அக்கா, இன்னும் நாலு நாள் இருக்கிறது என்றாள்.

இராஜம்மா குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கினாள். வாசு தாங்கப் போனான், வேண்டாம் என்று தலையாட்டினாள். வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த மண்ணில், முருங்கை மரத்தடியில், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஊற்றினாள். குடத்தின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவினாள். ஓரத்தில் ஒட்டிய முட்டையும் போக வேண்டும் என்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும், தனலெட்சுமி திட்டித் திட்டிப் பழக்கியது. சந்து வழியாக வந்து நின்ற சிவகுருநாதன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து இராஜம்மா உள்ளே போகும்வரை அவர் அப்படியே நின்றார்.

அதன் பிறகு பதினாறாம் நாள் வரை ஒவ்வொரு காலையும் இராஜம்மா குடத்தைக் கொட்டிக் கழுவி நிரப்பினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இது என்ன புது வழக்கம் என்று கேட்டார்கள். அவருக்குப் பழைய தண்ணீர் பிடிக்காது என்று மட்டும் பதில் சொன்னாள். எட்டாம் நம்பர்ப் பிள்ளைகள் இரண்டும் தேறின. வரிசையில் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அந்தக் குடத்தைக் கொட்டியதால்தான் வரவில்லையா, கொட்டாவிட்டாலும் வந்திருக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த நோயைத் தீர்த்தவனுக்கு மாலை போடுவார்கள், வராத நோய்க்கு யாருக்குப் போடுவது? பூமணி பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், அவ்வளவுதான்.

ரிப்போர்ட் மேலே போனது. பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டதற்காகத் தனலெட்சுமியை மறுபடி புல் வெட்ட அனுப்பினார்கள். அய்யாவு கொதித்தார், நீயே வலியப் போய்ச் சொல்வாயா, பைத்தியமா என்று கேட்டார். சொல்லாமலிருந்திருந்தால்தான் பைத்தியம் பிடித்திருக்கும் என்றாள். மூன்று வருஷம் வெயிலில் குனிந்து புல் வெட்டினாள். அவளுக்குப் பதிலாக வந்தவர்களை எந்த வீட்டிலும் சாமி அறைக்குள் விடவில்லை. மூன்றாம் வருஷக் கடைசியில் சிவகுருநாதனே நேரில் வந்து டோர்ச் லைட்டைக் கொடுத்துக் கூப்பிட்டார்.

தொண்ணூற்றொன்றில் அவர்கள் கிள்ளானில் இருந்தார்கள். துறைமுகத்துக்கு லோரி ஓட்ட வசதி என்று அய்யாவு அங்கே அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருந்தார். குடிவந்து ஆறு மாதம்தான், அக்கம்பக்கத்தில் யாரோடும் சரியாகப் பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்த அய்யாவு எழுந்திருக்கவில்லை.

தனலெட்சுமி எல்லாக் காரியத்தையும் கல்லாக நின்று செய்தாள். விளக்கேற்றினாள், சொம்பில் தண்ணீர் வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவள் பெரிய நெஞ்சழுத்தக்காரி என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். காடாற்று முடிந்து மூன்றாம் நாள் காலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். சொம்பு முதல் நாள் வைத்தபடியே இருந்தது. அவளுக்கு அது கண்ணில் படவில்லை.

மேல்மாடியில் குடியிருந்த வீரம்மா காப்பி கொண்டுவந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, தனலெட்சுமி யார், என்ன வேலை பார்த்தாள் என்று எதுவும் தெரியாதவள். காப்பியை வைத்துவிட்டு விளக்கைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணனுக்கு வச்ச தண்ணிய தெனம் காலையில மாத்தணும். பழைய தண்ணியப் பச்ச மண்ணுல ஊத்திட்டு, சொம்பத் தேச்சுக் கழுவி, புதுத் தண்ணி வைக்கணும். அதான் நம்ம முறை."

"யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? எங்க அத்த வீட்ல எல்லாம் காலங்காலமா அப்படித்தான் செய்வாங்க. இல்லாட்டி போனவங்க தாகத்தோட போயிடுவாங்களாம்."

அந்தக் காலங்காலத்துக்கு அப்போது வயது ஒன்பது. தனலெட்சுமி அதைச் சொல்லவில்லை. அய்யாவு போன பிறகு முதன்முதலாக அவளுக்கு அழுகை வந்தது. வீரம்மா பதறிப்போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் அக்கா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தனலெட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, சொம்பைக் கையில் எடுத்தாள்.

"நல்லதுதான் சொன்ன. மாத்திடறேன்" என்றாள்.